ஹெட்போனில் நல்ல ஒலி: முதல் போடும் முன் ஓட்டையைப் பாருங்கள்



நமது இதழில் வரி விவரம், தராசு முத்திரை, சரக்கு நிலவரம் ஆகியவற்றைப் பற்றி எழுதுவதுதான் வழக்கம். பருப்பு மொத்த வியாபாரி ஒருவன் ஹெட்போனைப் பற்றி எழுதுவதைப் பார்த்துச் சிலர் சிரிக்கலாம். ஆனால் இன்று நம்மில் பலருடைய கடைகளில் சோப்பு, தீப்பெட்டிக்குப் பக்கத்தில் சார்ஜரும் இயர்போனும் கொக்கியில் தொங்குகின்றன. நம் கடைப் பையன்கள் காலை முதல் இரவு வரை அதைக் காதில் மாட்டிக்கொண்டே வேலை பார்க்கிறார்கள். நாமும் இரவு கணக்கு முடித்த பிறகு வீட்டாருக்குத் தொந்தரவு இல்லாமல் நாலு பாட்டுக் கேட்க அதைத்தான் எடுக்கிறோம். ஆகவே இதுவும் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயந்தான்.

இதை எழுதத் தூண்டியது என் சொந்த அனுபவம். மகன் வாங்கித் தந்த ஹெட்போன் ஒன்றில் மூன்று ஆண்டுகளாகக் கச்சேரி கேட்டு வந்தேன். நாளடைவில் ஒலி சப்பென்று ஆகிவிட்டது. மிருதங்கத்தில் வலந்தலை கேட்கும். தொப்பிப் பக்கத்துக் கும்கி கேட்காது. பக்கத்து ஊரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் காட்டினேன். "போனில் பவர் பத்தாது, ஐயா. ஆம்ப்ளிபயர் போட்டால் சரியாகிவிடும்" என்றார்கள். மாட்டியும் காட்டினார்கள். பாட்டு பளிச்சென்று கேட்டது. 4,500 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன்.

வீட்டுக்கு வந்து கேட்டால் சத்தம் கூடியிருந்ததே தவிர, தொப்பி ஒலி வரவில்லை. அது வரும் வரும் என்று தினமும் ஒலியைக் கூட்டிக் கூட்டி வைத்தேன். பத்து நாளில் காதில் 'ஙொய்' என்று ஓர் இரைச்சல் ஆரம்பித்து, ஹெட்போனைக் கழற்றிய பிறகும் நிற்கவில்லை. காது மருத்துவரிடம் போனேன். செவிப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டு, மேல் சுருதிகள் கேட்பது குறைந்திருக்கிறது, இனிச் சத்தமாகக் கேட்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

அந்த வாரம் பாலிடெக்னிக்கில் படிக்கும் பேரன் வந்திருந்தான். ஹெட்போனை என் தலையில் மாட்டி, இரண்டு பக்கமும் உள்ளங்கையால் லேசாக அழுத்தினான். தொப்பி ஒலி கணீரென்று வந்துவிட்டது! "தாத்தா, மெத்தை உரிஞ்சு போயிருக்கு பாருங்க. பேஸ் எல்லாம் அந்த வழியாத்தான் வெளியே போகுது" என்றான். புது மெத்தை ஒரு ஜோடி 350 ரூபாய். மாற்றியதும் சரியாகிவிட்டது.

சாக்கில் ஓட்டை இருக்கும்போது மேலும் மேலும் சரக்கைக் கொட்டி என்ன பயன்? முதலில் கோணி ஊசியை எடுத்துத் தைக்க வேண்டும். நாற்பது ஆண்டுகள் மண்டியில் இருந்த எனக்கு இது தெரியாமல் போயிற்றே என்ற வருத்தத்தில், பேரனிடம் கேட்டும், புத்தகங்களைப் படித்தும், நானே செய்து பார்த்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது?

ஹெட்போன் என்பது காதருகே வைத்த இரண்டு குட்டி ஸ்பீக்கர்கள். பெரும்பாலானவற்றில் ஒரு காந்தம், மெல்லிய கம்பிச் சுருள், அந்தச் சுருளோடு ஒட்டிய ஒரு சவ்வு ஆகிய மூன்றுந்தான் முக்கியம். போனிலிருந்து வரும் மின்சாரம் சுருளில் பாயும்போது காந்தம் அதை முன்னும் பின்னும் தள்ளுகிறது. சவ்வு அசைகிறது, காற்று அசைகிறது, நமக்குக் கேட்கிறது.

காது முழுவதையும் மூடும் வகையில், சவ்வுக்கும் காதுக்கும் நடுவே கொஞ்சம் காற்று அடைபட்டிருக்கிறது. கனத்த ஒலி, அதாவது பேஸ், இந்த அடைபட்ட காற்றை அழுத்தித்தான் காதுக்கு வருகிறது. சிறு இடுக்கு இருந்தாலும் அழுத்தம் வெளியேறிவிடும். மெல்லிய, கீச்சான ஒலிகள் நேராகக் காதுக்குள் வந்துவிடுவதால் அவற்றுக்கு அவ்வளவு பாதிப்பு இல்லை. மெத்தை கெட்டால் பேஸ் மட்டும் காணாமல் போவதற்குக் காரணம் இதுதான். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்குக் கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கிவிடுவதாலும் இதே குறை வரும்.

பெட்டியில் பார்க்க வேண்டிய இரண்டு எண்கள்

ஆம்ப்ளிபயர் வேண்டுமா வேண்டாமா என்று கடைக்காரரைக் கேட்க வேண்டியதில்லை. ஹெட்போன் பெட்டியிலேயே இரண்டு எண்கள் அச்சாகியிருக்கும்.

முதல் எண் ஓம் கணக்கில் வரும் இம்பிடன்ஸ், அதாவது மின்மறுப்பு. சாதாரண இயர்போன்கள் 16 அல்லது 32 ஓம். ஒலிப்பதிவுக் கூடங்களுக்கென்று செய்தவற்றில் 250, 300 ஓம் கொண்டவையும் உண்டு. ஓம் கூடக் கூட அதை ஓட்ட அதிக வோல்ட் வேண்டும்.

இரண்டாவது எண் டெசிபல் கணக்கில் வரும் சென்சிடிவிட்டி. கொடுத்த மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் திருப்பித் தருகிறது என்பதை இது காட்டும். மாட்டுக்குப் போட்ட தீவனத்துக்கு எத்தனை படி பால் என்பது போன்ற கணக்கு இது. சில கம்பெனிகள் ஒரு மில்லிவாட்டுக்கு இவ்வளவு என்றும், சில கம்பெனிகள் ஒரு வோல்ட்டுக்கு இவ்வளவு என்றும் போடுவார்கள். கிலோவையும் லிட்டரையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாதது போல, இந்த இரண்டையும் பிரித்துத்தான் படிக்க வேண்டும்.

டெசிபல் கணக்கில் ஒரு விசேஷம் உண்டு. 3 டெசிபல் கூட வேண்டுமானால் மின்சாரம் இரண்டு மடங்கு வேண்டும். 10 டெசிபல் கூட வேண்டுமானால் பத்து மடங்கு வேண்டும். ஆகவே 110-க்கும் 100-க்கும் வித்தியாசம் வெறும் பத்துதானே என்று நினைத்துவிடக் கூடாது.

இரண்டு ஹெட்போன்களின் கணக்கு

இப்போது கணக்குப் போட்டுப் பார்ப்போம். இயர்போன் ஜாக் இல்லாத போன்களில் மாட்டும் சின்ன டைப்-சி கன்வெர்ட்டரை எடுத்துக்கொள்வோம். அதற்குள்ளேயே ஒரு குட்டி ஆம்ப்ளிபயர் இருக்கிறது. நல்லதாக இருந்தால் அது 1 வோல்ட் வரை தரும்.

32 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் என்று போட்ட ஹெட்போனை அதில் மாட்டினால், 1 வோல்ட்டில் சுமார் 31 மில்லிவாட் கிடைக்கும். அதனால் வரும் சத்தம் சுமார் 115 டெசிபல். இது காதைக் கெடுக்கும் அளவு. இந்த ஹெட்போனுக்குத் தனி ஆம்ப்ளிபயர் வாங்குவது, தள்ளுவண்டி போதும் என்ற சரக்குக்கு லாரி பிடிப்பதைப் போன்றது. நான் வாங்கிய கதை இதுதான்.

அடுத்து, ஜெர்மனியின் சென்ஹைசர் கம்பெனி 1997-ல் வெளியிட்ட எச்.டி.600 போன்ற 300 ஓம் ஹெட்போனைப் பார்ப்போம். ஒரு வோல்ட்டுக்கு 97 டெசிபல் என்பது அதன் கணக்கு. அதே கன்வெர்ட்டரில் முழு ஒலியும் வைத்தால் உச்சம் 97 டெசிபல்தான். நாம் சாதாரணமாக 75 டெசிபல் அளவில் கேட்டால் அது போதுமே என்று தோன்றும். ஆனால் இசையில் ஒலி ஒரே அளவாக இருப்பதில்லை. தனி ஆவர்த்தனத்தில் ஓர் அடி விழும்போது சராசரியைவிட 20 டெசிபல் வரை எகிறும். பழைய கச்சேரிப் பதிவுகள் பல தாழ்ந்த அளவில் பதிவானவை. அவற்றுக்கு ஒலியைக் கூட்டித்தான் வைக்க வேண்டும். அப்போது வோல்ட் பற்றாது. 110 டெசிபல் உச்சம் வேண்டுமானால் இந்த ஹெட்போனுக்கு சுமார் 4.5 வோல்ட் தேவை. இப்படிப்பட்ட ஹெட்போனுக்குத்தான் ஆம்ப்ளிபயர்.

வோல்ட் பற்றாவிட்டால் என்ன ஆகும்? நெல் அளக்கும்போது கோபுரமாகக் குவிந்த படியைக் கட்டையால் தலை தட்டினால் மேலே குவிந்தது போய்விடும் அல்லவா? அதுபோல ஒலியின் உச்சிகள் வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். அடி விழும் இடத்தில் கரகரப்புக் கேட்கும். நல்ல ஆம்ப்ளிபயரின் வேலை அந்தக் குவியலைச் சிதறாமல் கொடுப்பதுதான்; சத்தத்தைக் கூட்டிக் கேட்பதற்காக அது இல்லை.

தரகுக் கணக்கு

வோல்ட் மட்டும் பார்த்தால் போதாது. ஆம்ப்ளிபயருக்கு உள்ளேயும் கொஞ்சம் ஓம் இருக்கிறது. இதை அவுட்புட் இம்பிடன்ஸ் என்பார்கள். இதை நமது தொழில் வழக்கில் தரகு என்று வைத்துக்கொள்ளலாம். சரக்கு மண்டியிலிருந்து கடைக்கு வரும்போது நடுவில் தரகு கழிகிறது. தரகு சிறியதாக இருந்தால் சரக்கு ஏறக்குறைய முழுதாக வந்து சேரும்.

ஹெட்போனின் ஓம் எல்லா ஒலிக்கும் ஒரே அளவு இருப்பதில்லை. 32 ஓம் என்று போட்ட ஹெட்போன் பேஸ் பகுதியில் மட்டும் 90 ஓம் வரை ஏறுவதாக வைத்துக்கொள்வோம். ஆம்ப்ளிபயரின் தரகு 120 ஓம் என்றால், மற்ற ஒலிகளில் 21 சதவீத வோல்ட்டும், பேஸில் 43 சதவீத வோல்ட்டும் ஹெட்போனுக்குப் போய்ச் சேரும். அதாவது பேஸ் இரண்டு மடங்கு வோல்ட் பெற்று, சுமார் 6 டெசிபல் கூடுதலாக வீங்கி ஒலிக்கும். பாடகர் குரலை அது மூடிவிடும். தரகு 1 ஓம் என்றால் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் ஆம்ப்ளிபயரின் ஓம் இருக்கக் கூடாது என்பது இத்துறையில் உள்ளவர்கள் சொல்லும் விதி. 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓம் வரை. 300 ஓம் ஹெட்போனுக்கு 37 ஓம் வரை. பெரிய மியூசிக் சிஸ்டங்களின் ஹெட்போன் துளையில் தரகு அதிகம் இருப்பதுண்டு. போனில் நன்றாகக் கேட்ட இயர்போன் அதில் மாட்டினால் பேஸ் கொழகொழவென்று ஆவதற்கு இதுவே காரணம்.

ஆம்ப்ளிபயர் என்றாலே பெரிய விலை என்று நினைக்க வேண்டாம். சூ மோய் என்ற அமெரிக்கர் 1990-களின் இறுதியில் ஒரு 9 வோல்ட் பாட்டரி, ஒரே ஒரு சிப், சில உதிரிப் பாகங்கள் ஆகியவற்றை மட்டும் வைத்து ஓர் ஆம்ப்ளிபயர் வரைபடத்தை வெளியிட்டார். பெப்பர்மிண்ட் மிட்டாய் தகர டப்பாவுக்குள் அடங்கிவிடும் அதை உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் தாங்களே செய்துகொண்டார்கள். சால்டரிங் தெரிந்த மாணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம்.

புளூடூத் ஹெட்போன் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடலாம். அதற்குள்ளேயே ஆம்ப்ளிபயர் இருக்கிறது. வெளியே எதை மாட்டினாலும் புளூடூத் வழியில் அது சேராது.

செய்யத்தக்க திருத்த வேலைகள்

ஆம்ப்ளிபயருக்கு முன் செய்ய வேண்டியவை இவை. வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, மெத்தை. நம் ஊர் வெயிலிலும் வியர்வையிலும் ரெக்சின் மெத்தை இரண்டு மூன்று ஆண்டில் உரிந்துவிடும். உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சும் அமுங்கித் தட்டையாகிவிடும். மேலே சொன்னபடி இரு கையாலும் அழுத்திப் பாருங்கள். பேஸ் கூடினால் மெத்தையில் கசிவு இருக்கிறது என்று அர்த்தம். மாற்றும்போது பழைய மெத்தையின் கனத்திலும் அதே துணியிலும் வாங்குங்கள். ரெக்சினுக்குப் பதில் வெல்வெட் போட்டால் காற்று ஊடுருவிப் பேஸ் குறையும். கனம் கூடினால் சவ்வு காதிலிருந்து தள்ளிப் போய் ஒலி மாறும்.

இரண்டாவது, காதுக்குள் வைக்கும் இயர்போனின் ரப்பர். பெட்டியில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ஜோடி இருக்கும். பெரும்பாலோர் மாட்டி வந்ததையே கடைசி வரை வைத்திருப்பார்கள். மற்றவை குப்பைக்குப் போகும். மூன்றையும் போட்டுப் பாருங்கள். வலக் காதுக்கு ஓர் அளவும் இடக் காதுக்கு வேறு அளவும் பொருந்துவது சகஜம். காசே இல்லாமல் கிடைக்கும் ஒலி இது. கடையில் விற்கும்போது வாடிக்கையாளருக்கும் இதைச் சொல்லுங்கள். "பேஸ் இல்லை" என்று திருப்பிக் கொண்டுவரும் இயர்போன்கள் குறையும்.

மூன்றாவது, பின். பாட்டில் வாத்தியம் எல்லாம் கேட்டு, பாடகர் குரல் மட்டும் எங்கோ கிணற்றுக்குள் இருந்து வருவது போல் கேட்டால், பின்னில் பொது வயர் விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒலிதான் குரல். பொது வயர் அறுந்தால் பொதுவானது கழிந்து வித்தியாசம் மட்டும் மிஞ்சும். புதுப் பின் போட்டுப் பற்றவைத்தால் சரியாகிவிடும். உள்ளே இருக்கும் வயர்களுக்குப் பச்சை, சிவப்பு, செம்பு நிறங்களில் ஒரு வார்னிஷ் பூச்சு இருக்கும். சூட்டில் அதைப் போக்காமல் பற்றவைத்தால் ஈயம் ஒட்டாது. ஒரு பக்கத்தில் மட்டும் இரு வயர்களையும் மாற்றி இணைத்துவிட்டாலும் பேஸ் போய்விடும்; குரல் நடுவில் நிற்காது.

நான்காவது, கூட்டுக்குள் செய்யும் வேலை. பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒலி எதிரொலித்து, டப்பாவுக்குள் பேசுவது போல் கேட்கும் ஹெட்போன்கள் உண்டு. திருகாணியைக் கழற்றி, பின்பக்கக் கூட்டில் கொஞ்சம் பஞ்சு அல்லது ஒரு வட்டக் கம்பளித் துண்டு வைத்தால் இது குறையும். சிறு காற்றுத் துளைகளைக் காகித டேப்பால் பாதி மூடினால் பேஸின் அளவு மாறும். இதில் மூன்று எச்சரிக்கைகள்: சவ்வில் விரல் படக் கூடாது. இரும்புத் தூள் உள்ள மேஜையில் பிரிக்கக் கூடாது, காந்தம் இழுத்துக்கொள்ளும். திரும்ப எடுக்க முடியாதபடி பசை போட்டு ஒட்டக் கூடாது.

இந்தப் பஞ்சு, களிமண் வேலையை அற்பமாக எண்ண வேண்டாம். ஜப்பானின் ஃபோஸ்டெக்ஸ் கம்பெனியின் டி50ஆர்பி என்ற ஹெட்போன் ஒலிப்பதிவுக் கூடங்களில் புழங்கிய ஒரு சாதாரண விலைச் சரக்கு. சவ்வு முழுவதும் சுருள் பதித்து, இருபுறமும் காந்தம் வைத்த தட்டையான அமைப்பு அதற்கு. ஆர்வலர்கள் அதன் கூட்டில் களிமண், பஞ்சு, கம்பளி ஆகியவற்றை வைத்தும் மெத்தையை மாற்றியும் ஒலியைத் திருத்தினார்கள். அமெரிக்காவில் டான் கிளார்க் என்பவர் அதை இப்படித் திருத்தி, மிஸ்டர் ஸ்பீக்கர்ஸ் என்ற பெயரில் விற்க ஆரம்பித்தார். பிறகு சொந்தமாகவே ஹெட்போன் வடிவமைத்தார். 2019-ல் டான் கிளார்க் ஆடியோ என்று பெயர் மாறிய அந்த நிறுவனம் மிக உயர்ந்த விலை ஹெட்போன்களைச் செய்கிறது. வாங்கிய சரக்கைச் சலித்து, புடைத்து, தரம் கூட்டி விற்கும் நமக்கு இந்த வழி புதிதல்ல.

ஐந்தாவது, ஈக்வலைசர். எந்தச் சுருதி எவ்வளவு ஒலிக்க வேண்டும் என்று போனிலேயே மாற்றும் வசதி இது. ஃபின்லாந்தின் யாக்கோ பசனன் என்பவர் ஆயிரக்கணக்கான ஹெட்போன்களின் அளவீடுகளுக்கு ஏற்றபடி திருத்த எண்களைக் கணக்கிட்டு, ஆட்டோஈக்யூ என்ற பெயரில் இலவசமாக வைத்திருக்கிறார். ஆண்ட்ராய்டு போனில் வேவ்லெட் என்ற செயலியில் உங்கள் ஹெட்போனின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும். புளூடூத் ஹெட்போனுக்கும் இது பொருந்தும். கையால் மாற்றுகிறவர்கள் கூட்டுவதைவிடக் குறைப்பதையே பழகுங்கள். பேஸ் கொழகொழத்தால் பேஸைக் குறையுங்கள். மற்றதைக் கூட்ட வேண்டாம். ஏதேனும் ஒன்றை 5 டெசிபல் கூட்டினால் மொத்த அளவை 5 டெசிபல் இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் முன்பு சொன்ன தலைதட்டல் நடக்கும்.

ஒப்பிடும் முறை

சாம்பிள் பார்க்காமல் நாம் சரக்கு எடுப்பதில்லை. இதிலும் அப்படியே. ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். பஞ்சு வைப்பதானால் ஒரு பக்கத்தில் மட்டும் வைத்து, மறுபக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, இரண்டையும் ஒரே சத்தத்தில் வைத்துக் கேட்பது. ஒரே பாட்டை ஒரு டெசிபல், இரண்டு டெசிபல் கூட்டி வைத்தால் சத்தம் கூடியதாக நம் காதுக்குத் தோன்றாது. ஒலி தெளிவானதாகத் தோன்றும். எனக்குக் கடையில் காட்டியபோது நடந்தது இதுதான். போனில் மெதுவாகவும் ஆம்ப்ளிபயரில் சத்தமாகவும் வைத்தார்கள். தட்டுக்கு அடியில் புளி ஒட்டிய தராசுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அவர்கள் வேண்டுமென்றே செய்தார்களா, தெரியாமல் செய்தார்களா என்று நான் சொல்ல வரவில்லை. வாங்குகிறவர் தராசை நேர் செய்து பார்த்துவிட்டு வாங்க வேண்டும் என்பதே என் கருத்து.

காசு போடக் கூடாதவை

ஹெட்போனைவிட விலை கூடிய கேபிள் விற்கிறார்கள். ஒன்றேகால் மீட்டர் செம்பு வயரின் தடை பெரும்பாலும் ஒரு ஓமுக்கும் குறைவு. 32 ஓம் ஹெட்போனில் அதை மாற்றுவதால் வரும் வித்தியாசம் மிக அற்பம். வயர் அறுந்தால் மாற்றுங்கள்; ஒலிக்காக மாற்ற வேண்டாம். இருநூறு மணி நேரம் ஓடினால்தான் ஹெட்போன் பழகும் என்று சொல்வதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். பழகுவது பெரும்பாலும் நம் காதும் மெத்தையுந்தான்.

விலைதான் தரம் என்று எண்ணவும் வேண்டாம். ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆராய்ச்சியாளர் 2017-ல் 283 ஹெட்போன்களின் ஒலி அளவீடுகளை அவற்றின் விலையோடு ஒப்பிட்டார். சுருதிகள் ஒலிக்கும் அளவுக்கும் விலைக்கும் தொடர்பு காணப்படவில்லை. கட்டுமானம், சௌகரியம், உழைப்பு இவற்றுக்கு விலை கொடுக்கலாம். ஒலி நன்றாக இருக்கிறதா என்பதை விலைச்சீட்டு சொல்லாது.

முதலுக்கு மோசம் வரக் கூடாது

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

ஹெட்போனை மாற்றலாம், ஆம்ப்ளிபயரை மாற்றலாம். காதை மாற்ற முடியாது. உட்காதில் ஒலியை வாங்கும் மயிரிழை போன்ற செல்கள் செத்தால் திரும்ப முளைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 83-க்கு 20 மணி. 86-க்கு 10 மணி. 89-க்கு 5 மணி. 92-க்கு இரண்டரை மணி. 95-க்கு ஒன்றேகால் மணி. இது ஒரு வாரத்துக்கு உரிய மொத்தக் கணக்கு, ஒரு நாளைக்கு உரியதல்ல. நம் கடைப் பையன் தினமும் பத்து மணி நேரம் மாட்டுகிறான் என்றால் அவன் கணக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள்.

இதில் தெருச் சத்தமும் சேர்கிறது. லாரி, மில், மைக் செட் இவற்றுக்கு நடுவே பாட்டுக் கேட்க வேண்டுமானால் அதற்கும் மேலே ஒலியை வைக்க வேண்டியிருக்கிறது. நன்றாகப் பொருந்தும் ரப்பரும் கசியாத மெத்தையும் இங்கேதான் பெரிய உதவி செய்கின்றன. வெளிச்சத்தம் உள்ளே வராது. பேஸ் வெளியே போகாது. குறைந்த ஒலியிலேயே நிறைவாகக் கேட்கும். ஒலியைத் திருத்துவது என்றால் குறைந்த சத்தத்தில் நன்றாகக் கேட்கும்படி செய்வதுதான். அந்த நோக்கத்தில் ஆம்ப்ளிபயர் வாங்கினால் சரி. சத்தத்துக்காக வாங்கினால் நஷ்டம்.

சத்தத்தால் கெடும் காதில் முதலில் குறைவது 4,000 ஹெர்ட்ஸ் சுற்றிய பகுதி. பேச்சின் மெய்யெழுத்துகள் துல்லியமாகக் கேட்க அந்தப் பகுதி வேண்டும். எனக்கு இப்போது போனில் 'அறுபது மூட்டை' என்பதும் 'எழுபது மூட்டை' என்பதும் சில சமயம் ஒன்றாகவே கேட்கிறது. இரண்டு முறை கேட்டு, எழுதி வாங்கிக்கொண்ட பிறகே லோடு அனுப்புகிறேன். வாய்ச்சொல்லில் வியாபாரம் செய்த தலைமுறை நாம். காது போனால் பாட்டு மட்டுமா போகிறது?

சுருக்கமாக

1. ஒலி சரியில்லை என்றால் முதலில் மெத்தை, ரப்பர், பின் இம்மூன்றையும் பாருங்கள்.

2. அடுத்து, இலவசமாகக் கிடைக்கும் ஈக்வலைசரைப் போட்டுப் பாருங்கள்.

3. பெட்டியில் உள்ள ஓம், டெசிபல் எண்களை வைத்துக் கணக்குப் போடுங்கள். 32 ஓம், 100 டெசிபல் என்றால் ஆம்ப்ளிபயர் வேண்டாம். 250, 300 ஓம் என்றால் யோசிக்கலாம்.

4. ஆம்ப்ளிபயரின் ஓம், ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும்.

5. ஒரே சத்தத்தில் வைத்து ஒப்பிடாமல் எதையும் வாங்காதீர்கள்.

6. ஹெட்போனைக் கழற்றிய பிறகும் காதில் இரைச்சல் நின்றால், அன்றே ஒலியைக் குறையுங்கள். நீடித்தால் காது மருத்துவரிடம் போங்கள்.

4,500 ரூபாய் ஆம்ப்ளிபயர் இப்போது என் மேஜை அறைக்குள் கிடக்கிறது. 350 ரூபாய் மெத்தையில் தினமும் இரவு அரை மணி நேரம், போனில் பாதி ஒலிக்கும் கீழே வைத்து, கச்சேரி கேட்கிறேன். தொப்பி ஒலி நன்றாகவே கேட்கிறது. உங்கள் கடையில் வேலை பார்க்கும் பையன்களுக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடிக்கிறேன்.